பிள்ளையின் அரையில் சிவப்பு: கிறீம் வாங்க முதல் எங்கே சிவந்திருக்கிறது என்று பாருங்கள்

பாமசியில் போய் "பம்பர்ஸ் கட்டி அவிஞ்சு போச்சு, ஒரு கிறீம் தாங்கோ" என்று கேட்டால் ஏதோ ஒரு ரியூப் கைக்கு வரும். அது சரிவரலாம், சரிவராமலும் போகலாம். பிள்ளையின் அரையில் வரும் சிவப்பு எல்லாம் ஒரே நோய் இல்லை. ஈரத்தில் அவிந்த தோலுக்குப் பூசுவது வேறு, பங்கசுக்குப் பூசுவது வேறு, பற்றீரியா என்றால் பூச்சு மட்டும் காணாமலும் போகலாம். நல்லகாலம், இவற்றைப் பிரித்துப் பார்க்கப் பெரிய படிப்புத் தேவையில்லை. சிவப்பு எந்த இடத்தில் இருக்கிறது, அதன் விளிம்பு எப்படி இருக்கிறது என்று வடிவாகப் பார்த்தாலே பாதி விளங்கிவிடும்.

பார்க்கும் முறை

பகல் வெளிச்சத்தில், விறாந்தையிலோ யன்னலோரத்திலோ பிள்ளையைக் கிடத்துங்கள். வெறும் தண்ணீரால் கழுவி, மெல்லிய சீலையால் ஒற்றி எடுத்து, கொஞ்ச நேரம் காற்றாட விடுங்கள். பூசியிருக்கும் பவுடரும் எண்ணெயும் போனபிறகுதான் தோல் தெரியும். நிறம் கறுத்த பிள்ளைகளில் சிவப்பு சிவப்பாகவே தெரியும் என்றில்லை. சுற்றியுள்ள தோலைவிடக் கறுத்தோ, ஊதா கலந்தோ, மினுங்கிக்கொண்டோ இருக்கலாம். தொட்டால் சுடும்; பிள்ளை முகத்தைச் சுளிக்கும்.

இனி ஒவ்வொரு இடமாகப் பாருங்கள். குண்டியின் மேடும் தொடையின் உட்புறமும், கவட்டு மடிப்பை விரித்து அதன் உள்ளே, மலவாசலைச் சுற்றி, இடுப்புப் பட்டியும் தொடைப் பட்டியும் படும் கோடு. வாயையும் ஒருக்கால் திறந்து பாருங்கள். ஏன் என்று பிறகு வரும்.

இவை இருந்தால் மிச்சத்தை வாசித்துக்கொண்டு இருக்க வேண்டாம்

மூன்று மாதம் நிரம்பாத பிள்ளைக்கு 38 பாகை செல்சியஸ் அல்லது அதற்கு மேல் காய்ச்சல். எந்த வயதிலும் சிவப்போடு சேர்ந்து வந்த காய்ச்சல். பால் குடிக்காமல் சோர்ந்து கிடத்தல். தண்ணீர்க் கொப்புளம், சீழ், இரத்தக் கசிவு. சுடுதண்ணீர் பட்டதுபோலத் தோல் பெரிய துண்டாக உரிதல். சிவப்பு வயிற்றுக்கும் முதுகுக்கும் மளமளவென்று ஏறுதல். ஆண்பிள்ளையின் குறி நுனி வீங்கி, சிறுநீர் கழிக்கும்போது துடித்து அழுதல்.

இதில் எது இருந்தாலும் ஆஸ்பத்திரிக்குத்தான். இலங்கையின் வடக்கே எங்கள் வன்னியில், துணுக்காய், நெடுங்கேணி, ஒட்டுசுட்டான் பக்கத்து உட்கிராமங்களில் இருப்பவர்கள் "விடியட்டும், முதல் பஸ்ஸில போவம்" என்று இரவைக் கடத்துவது வழக்கம். குஞ்சுப் பிள்ளையின் காய்ச்சல் பஸ் நேரம் பார்ப்பதில்லை. 1990 என்ற இலக்கத்துக்கு அடித்தால் சுவசெரிய அம்புலன்ஸ் காசில்லாமல் வரும்.

மேடான இடங்கள் சிவந்திருக்கின்றன, மடிப்புக்குள் தோல் நன்றாக இருக்கிறது

மிகக் கூடுதலாகக் காண்பது இதுதான். குண்டியின் இரண்டு மேடும், தொடையின் உட்புறமும், அடிவயிறும், அதாவது ஈரச் சீலை நேரே ஒட்டும் இடமெல்லாம் சிவந்திருக்கும். சீலை எட்டாத மடிப்பின் ஆழம் தப்பியிருக்கும். இது தொற்று அல்ல, ஈரத்தாலும் உரசலாலும் வந்த புண்.

இரவு முழுக்கக் கிடந்த சீலையை அவிழ்க்கும்போது மூக்கில் ஏறுகிற காரமான மணம் அமோனியாவினுடையது. மலத்தில் உள்ள பற்றீரியாவின் நொதியம் சிறுநீரில் உள்ள யூரியாவை உடைப்பதால் அது உண்டாகிறது. தோலுக்கு இயல்பாக இருக்கும் இலேசான அமிலத்தன்மையை அமோனியா குறைத்துவிடும். அது குறைந்ததும், மலத்தில் இருக்கும், புரதத்தையும் கொழுப்பையும் உடைக்கிற நொதியங்கள் உசாராகித் தோலையே அரிக்கத் தொடங்கும். அதனால்தான் சிறுநீர் மட்டும் பட்ட தோலைவிட, சிறுநீரும் மலமும் சேர்ந்து கிடந்த தோல் கெதியாகப் புண்படுகிறது. தாய்ப்பால் மட்டும் குடிக்கிற பிள்ளையின் மலம் இந்த விஷயத்தில் சாது. ஆறு மாதத்துக்குப் பிறகு சோறு, பருப்பு, பழம் என்று தொடங்க மலமும் மாறும். ஒன்பது மாதத்திலிருந்து ஒரு வயது வரைக்கும் இந்தத் தொல்லை கூடுதலாக வருவதில் அதற்கும் பங்குண்டு.

எங்கள் பக்கம் இதைக் "கிரந்தி" என்பார்கள், "பிள்ளைக்குச் சூடு" என்பார்கள். பிறகு பழி தாயின் மேல் விழும். மாம்பழம் சாப்பிட்டாள், இறால் சாப்பிட்டாள், அதுதான் பாலில் இறங்கியது என்று. இந்த வகைச் சிவப்புக்கும் தாயின் பத்தியத்துக்கும் தொடர்பில்லை. தாயின் கோப்பையை எட்டிப் பார்க்க முதல் பிள்ளையின் கீழே கையை வைத்து ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். மலம் கழித்தால் உடனே மாற்றுங்கள், "இன்னொருக்காப் போவான்" என்று காத்திருக்க வேண்டாம். பிறந்த குழந்தைக்கு இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறையாவது, வளர்ந்த பிள்ளைக்கு மூன்று நாலு மணித்தியாலத்துக்கு ஒருமுறையாவது பார்க்க வேண்டும். புண் இருக்கும் நாட்களில் இரவிலும் ஒருமுறை எழும்பத்தான் வேண்டும். கழுவ வெதுவெதுப்பான தண்ணீர் போதும். மலம் ஒட்டியிருந்தால் மட்டும் மணமில்லாத மெல்லிய சவர்க்காரம் கொஞ்சம். டெட்டோல், சவலோன் ஊற்றிய தண்ணீர் வேண்டாம். ஏற்கனவே அரிந்த தோலை அது இன்னும் எரிக்கும். ஒற்றித்தான் துடைக்க வேண்டும், தேய்க்கக் கூடாது. மணம் போட்ட வைப்ஸை புண் மாறும்வரை தள்ளி வையுங்கள்.

காய்ந்த பிறகு சிங்க் ஒக்சைட் கலந்த கிறீம், இல்லாவிட்டால் வெறும் வாசலின். இதை முகத்துக்குக் கிறீம் பூசுவதுபோல் மெல்லிசாகத் தடவிப் பிரயோசனமில்லை. சுவருக்குச் சாந்து அப்புவதுபோல் தடிப்பாக அப்ப வேண்டும். அது மருந்தாக உள்ளே போவதற்கு அல்ல, ஈரம் தோலில் படாமல் மறிப்பதற்கு. அடுத்த முறை மாற்றும்போது முழுக்கச் சுரண்டி எடுக்கப் போகாதீர்கள். அழுக்கான மேற்படையை மட்டும் கழுவிவிட்டு, மேலே இன்னும் கொஞ்சம் வையுங்கள். ஒரேயடியாக எடுக்க வேண்டிவந்தால் பஞ்சில் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தொட்டு எடுத்தால் நோகாமல் வரும்.

ஒரு நாளைக்கு இரண்டு மூன்று தடவையாவது அரையில் ஒன்றும் இல்லாமல் கிடக்க விடுங்கள். பாயில் நேரே விட்டால் எறும்பு வரும். கட்டிலில், நுளம்பு வலைக்குள், காய்ந்த பழைய சாரத்தை விரித்து அதில் விடலாம். இப்படிச் செய்தால் இரண்டு மூன்று நாளில் வித்தியாசம் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் கீழே சொல்லும் மற்ற வகைகளைப் பாருங்கள். அதற்கு முதல், வன்னியில் இந்தச் சிவப்பைத் திரும்பத் திரும்பக் கொண்டுவரும் சில விஷயங்கள் உண்டு. அவற்றைத் திருத்தாமல் எந்த ரியூப்பும் வேலை செய்யாது.

முதலில் நான் சந்தேகப்படுவது ஏணையை, அதாவது சேலையில் கட்டும் தொட்டிலைத்தான். ஏணை நல்லது, பிள்ளை அதில் தூங்குவதுபோல் வேறெங்கும் தூங்காது. ஆனால் அதில் பிள்ளை வளைந்து கிடக்கும்போது ஆகப் பதிந்த இடம் குண்டி. போகிற சிறுநீர் எல்லாம் அங்கேதான் தேங்கும். சேலை நனைந்து கீழே சொட்டினால் பிள்ளை கொஞ்சமாவது தப்பும். கீழே சொட்டக் கூடாது என்று றபர் சீற் ஒன்றை உள்ளே வைத்தால் ஈரம் போக வழியே இல்லை. பிள்ளை இரண்டு மணித்தியாலம் தூங்கினால் இரண்டு மணித்தியாலமும் அதற்குள்தான் ஊறும். ஆட்டும்போது உரசல் வேறு. றபர் சீற்றை எடுத்துவிடுங்கள். மடித்த பழைய பருத்திச் சீலையை இரண்டு மூன்று படையாக வையுங்கள், சொட்டுகிற தண்ணீருக்குக் கீழே ஒரு சட்டியை வையுங்கள். புண் மாறும்வரை பகல் தூக்கத்தைப் பாயிலோ கட்டிலிலோ பழக்கினால் இன்னும் நல்லது. முதல் இரண்டு நாள் வீடு முழுக்க அழுகைதான், சமாளியுங்கள்.

அடுத்தது காசு. பம்பர்ஸ் விற்கிற விலைக்கு ஒரு நாளைக்கு இரண்டுக்கு மேல் கட்ட முடியாத வீடுகள்தான் கூட. அந்த இரண்டையும் "இன்னும் பாரமாகேல்லை" என்று இழுத்துக் கட்டுவார்கள். உள்ளே இருக்கும் ஜெல் சிறுநீரை இழுத்து வைத்துக்கொள்ளும் என்பது உண்மை. நனைந்தவுடன் மாற்றுகிற வீட்டில், நல்ல பம்பர்ஸால் சீலையைவிடப் புண் குறைவாகவே வரும். ஆகவே பம்பர்ஸே கூடாது, சீலைதான் உத்தமம் என்று பொதுவாகச் சொல்வதை நான் ஏற்கமாட்டேன். ஆனால் மலத்தை ஜெல் இழுக்காது. பாரம் பார்த்து மாற்றுகிறவருக்கு மலம் கழித்தது தெரிவதும் இல்லை. இரண்டுதான் கட்டலாம் என்றால் ஒன்றை இரவுக்கு வையுங்கள், மற்றதைக் கிளினிக், கோயில், பஸ் பயணத்துக்கு வையுங்கள். பகலில் வீட்டில் வெறும் சீலை. அதற்கு மேலே பிளாஸ்ரிக் யட்டி போடக் கூடாது. நனைந்தால் நனைந்தது கண்ணுக்குத் தெரியும், மாற்றலாம். தாய் ஆடைத் தொழிற்சாலைக்கோ கூலி வேலைக்கோ போய், பிள்ளை அம்மம்மாவோடு இருக்கிற வீட்டில் இதை அம்மம்மாவோடு பேசி ஒரு முடிவுக்கு வர வேண்டும். முழங்கால் நோவோடு இருக்கும் மனிசிக்கு நாளைக்குப் பத்துச் சீலை அலசுவது சின்ன வேலையில்லை.

மூன்றாவது தண்ணீர். எங்கள் கிணறுகள் பலவற்றில் தண்ணீர் கடினம். கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிவதைப் பார்த்திருப்பீர்கள். அந்தத் தண்ணீரில் சவர்க்காரக் கட்டி நுரைக்காது. நுரைக்கவில்லை என்று இன்னும் இரண்டு தேய் தேய்ப்போம். சவர்க்காரமும் தண்ணீரில் உள்ள கல்சியமும் சேர்ந்து கரையாத பிசுக்காகிச் சீலையின் நூலில் ஒட்டிக்கொள்ளும். காய்ந்ததும் சீலை மட்டைபோல விறைத்து நிற்கும். அந்த விறைப்பு உரசும், அந்தப் பிசுக்கு அடுத்த சிறுநீரில் ஊறி எரிக்கும். கட்டியைக் குறைத்து, வோஷிங் பவுடரை அளவாகப் போட்டு, மூன்று தண்ணீராவது அலசுங்கள். மழைத் தண்ணீர் பிடித்து வைத்திருந்தால் கடைசி அலசலை அதில் செய்யுங்கள், சீலை பஞ்சாக வரும். மணம் வரப் போடும் கொம்பேர்ட் வகைத் திரவம் பிள்ளையின் சீலைக்கு வேண்டாம். மலம் பட்ட சீலையை முதலில் கக்கூசில் உதறி, தனியாக ஊறவைத்து, கொதிதண்ணீரில் அலசி, வெயிலில் போடுங்கள்.

ஓகஸ்ட், செப்ரெம்பரில் கிணறு அடியைத் தொட்டு, பவுசர் தண்ணீருக்குப் பரல் வைத்துக் காத்திருக்கும் ஊர்களில் மூன்று தண்ணீர் அலசு என்று சொல்வது இலேசு. அந்த நாட்களில் பவுடரைப் பாதியாகக் குறைத்து ஒரு தண்ணீரை மிச்சம் பிடியுங்கள். அதுவும் முடியாவிட்டால் கையில் இருக்கும் காசைப் பம்பர்ஸில் போடுவதுதான் புத்தி. ஒக்ரோபரிலிருந்து தை வரைக்கும் மாரியில் தொல்லை வேறு விதம்: தண்ணீர் நிறைய, வெயில் இல்லை. அரைவாசி காய்ந்த சீலையைக் கட்டினால் அது ஈரச் சீலை கட்டியதற்குச் சமம். ஸ்திரிக்கைப் பெட்டி இருந்தால் அதனால் உலர்த்தி எடுங்கள், ஆறவிட்டுக் கட்டுங்கள்.

மடிப்புக்குள்ளே இரத்தச் சிவப்பு, சுற்றிவரச் சின்னப் புள்ளிகள்

மேலே சொன்னதற்கு நேர் எதிர். கவட்டு மடிப்பை விரித்தால் உள்ளே பச்சை இறைச்சி போன்ற சிவப்பு, விளிம்பு தெளிவாக இருக்கும், சில நேரம் விளிம்பில் வெள்ளையாகச் செதில். பெரிய சிவப்பை விட்டு விலகி, தொடையிலும் அடிவயிற்றிலும் தனித்தனிச் சிவப்புப் புள்ளிகள் சிதறியிருக்கும். அந்தச் சிதறல்தான் அடையாளம். இது கன்டிடா என்ற பங்கசு.

சாதாரண ஈரப் புண் மூன்று நாளுக்கு மேல் கிடந்தால் அதன் மேலே இது வந்து குடியேறுவது வழக்கம். பிள்ளைக்கு அன்டிபயோட்டிக் பாணி கொடுத்து முடித்த கையோடும் வரும், ஏனென்றால் பங்கசை அடக்கி வைத்திருந்த பற்றீரியாவும் அந்த மருந்தில் செத்திருக்கும். வாயைத் திறந்து பாருங்கள் என்றது இதற்குத்தான். நாக்கிலும் கன்னத்தின் உட்புறத்திலும் தயிர் ஒட்டியதுபோல் வெள்ளை இருந்து, ஈரச் சீலையால் துடைத்தும் போகாவிட்டால் அதுவும் இதே பங்கசு. பால் ஆடை என்றால் துடைக்கப் போய்விடும். வாயில் இருந்தால் தாயின் முலைக்காம்பும் எரியலாம், வெடிக்கலாம். இரண்டு பேருக்கும் சேர்த்து மருந்து எடுக்காவிட்டால் ஒருவரிடமிருந்து மற்றவருக்கு மாறிமாறி வந்துகொண்டிருக்கும்.

இதற்கு சிங்க் கிறீம் மட்டும் காணாது. குளோட்ரிமசோல், மைக்கொனசோல், நிஸ்டட்டின் இவற்றில் ஒரு பங்கசுக் கிறீம் வேண்டும். கிளினிக்கில் காட்டி எடுங்கள். பொதுவாக நாளைக்கு இரண்டு மூன்று தடவை, மெல்லிசாக, புள்ளிகள் இருக்கும் இடமெல்லாம் பூச வேண்டும். முதலில் பங்கசுக் கிறீம், அது காய்ந்து படிந்த பிறகு அதற்கு மேலே சிங்க் அல்லது வாசலின். ஒழுங்கை மாற்றினால் மருந்து தோலுக்குப் போய்ச் சேராது. சிவப்பு மறைந்த அன்றே நிறுத்தினால் திரும்ப வரும். சொன்ன நாள் முழுக்கப் பூசுங்கள்.

பவுடர் போடுகிற பழக்கம் இந்த இடத்தில்தான் கூடக் கெடுதல். மடிப்புக்குள் பவுடர் ஈரத்தோடு சேர்ந்து கட்டிபடும், மணல்போல் உரசும். தட்டும்போது பறக்கிற தூள் பிள்ளையின் மூச்சுக்குள்ளும் போகும். மணக்க வேண்டுமென்றால் பிள்ளையின் சட்டையில் மணக்கட்டும்.

இரண்டு நாளாக வயிற்றோட்டம், மலவாசலைச் சுற்றித் தோல் உரிந்திருக்கிறது

இங்கே அரையைவிட வயிறுதான் முக்கியம். தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். ஜீவனி என்ற உப்புச்சீனித் தூளைக் கரைத்துக் கொடுங்கள்; பக்கெற்றில் எழுதியிருக்கும் அளவுத் தண்ணீரில்தான் கரைக்க வேண்டும், ருசிக்காகக் கூட்டவோ குறைக்கவோ கூடாது. வயிற்றோட்டத்துக்கு டொக்டர் சிங்க் மருந்து எழுதினால் வயிறு நின்றாலும் சொன்ன நாள் முழுக்கக் கொடுங்கள்.

அரைக்கு: வயிறு நிற்கும்வரை ஒவ்வொரு தடவையும் துடைக்காமல், தண்ணீர் ஊற்றிக் கழுவி, சிங்க் கிறீமைத் தாராளமாக அப்புங்கள். பகலில் பம்பர்ஸ் வேண்டாம். அதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பம்பர்ஸுக்குள் தண்ணீராகப் போன மலமும் சிறுநீரும் கலந்துவிட்டால் பிள்ளை சிறுநீர் கழிக்கிறதா இல்லையா என்று உங்களுக்குத் தெரியாது. ஆறு மணித்தியாலமாகச் சிறுநீர் இல்லை, அழுதால் கண்ணீர் இல்லை, உச்சிக்குழி உள்ளே போயிருக்கிறது, கண் குழிவிழுந்திருக்கிறது என்றால் உடம்பில் நீர் வற்றுகிறது. அப்போது கிறீமைப் பற்றி யோசிக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

மலவாசலைச் சுற்றி வட்டமாகச் செஞ்சிவப்பு, மலம் கழிக்கப் பயந்து அழுகிறது

வயிற்றோட்டம் இல்லை, ஆனால் மலவாசலைச் சுற்றி வரைந்து வைத்ததுபோல் ஒரு வளையம். மலம் கழிக்கும்போது நோ, அதனால் அடக்கி வைத்து மலச்சிக்கல், சில நேரம் மலத்தில் ஒரு கோடு இரத்தம். ஸ்ரெப்ரோகொக்கசு என்ற பற்றீரியா இப்படிச் செய்யும். பங்கசுக் கிறீமை வாரக்கணக்காகப் பூசியும் அசையாத சிவப்பு சில வேளை இதுவாக இருக்கும். வாயால் கொடுக்கும் அன்டிபயோட்டிக் வேண்டும், டொக்டர் பார்த்துத்தான் எழுத வேண்டும். வீட்டில் மிச்சமிருக்கும் அண்ணாவின் அமொக்சிசிலின் போத்தலைக் குலுக்காதீர்கள்.

சீழ்ப்பரு, உடைந்த கொப்புளம், தேன் நிறப் பொருக்கு

இது பெரும்பாலும் ஸ்ரபிலோகொக்கசு. தொட்டால் பரவும். உடைக்க வேண்டாம், சாம்பல், மஞ்சள், பற்றுப் போட வேண்டாம். அன்றைக்கே காட்டுங்கள். பார்க்கிறவர் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவ வேண்டும், துவாயைத் தனியாக வைக்க வேண்டும்.

இடுப்பிலும் தொடையிலும் கோடுபோல் சிவப்பு

பட்டி இறுகியிருக்கிறது. பெரும்பாலும் பிள்ளை வளர்ந்துவிட்டது, வாங்கி வைத்த பெரிய பக்கெற் முடியவில்லை என்பதுதான் காரணம். இரண்டு விரல் உள்ளே போகும் அளவுக்கு இளக்கிக் கட்டுங்கள், அல்லது அடுத்த அளவுக்கு மாறுங்கள். வேறு கொம்பனிப் பம்பர்ஸுக்கு மாறிய பிறகு வந்தது என்றால் அந்தப் பம்பர்ஸில் உள்ள சாயம், மணம், றபர் ஒத்துவரவில்லை என்று எண்ணலாம். பழையதுக்குத் திரும்பிப் பாருங்கள். அரைஞாண் கயிறு கட்டியிருந்தால் அதையும் ஒருக்கால் அவிழ்த்துப் பாருங்கள். நனைந்து காய்ந்து நனைந்து, அந்த நூலுக்குள் அழுக்கு ஏறி, பட்டிக்குக் கீழே அழுந்திக் கிடக்கும். புண் மாறிய பிறகு புதுக் கயிறு கட்டலாம், கோபிக்க ஆளிருக்காது.

மணிமணியாகச் சின்னக் குரு, முதுகிலும் கழுத்திலும் கூட

வேர்க்குரு. சித்திரை வெயிலில் பம்பர்ஸுக்குள் கிடக்கும் பிள்ளைக்கு வராவிட்டால்தான் புதினம். குளிர்ந்த தண்ணீரில் துடைத்து, பருத்திச் சட்டை போட்டு, காற்றில் விடுங்கள். தடிப்பான கிறீமும் எண்ணெயும் வேர்வைத் துவாரத்தை இன்னும் அடைக்கும், ஆகவே இதற்கு ஒன்றும் பூசாமல் இருப்பதே வைத்தியம்.

மடிப்பில் சிவப்பு, தலையிலும் எண்ணெய்ப் பிசுக்கான செதில்

மூன்று மாதத்துக்குள் உள்ள பிள்ளையில், மடிப்புகளில் மஞ்சள் கலந்த சிவப்பும், உச்சியிலும் புருவத்திலும் காதுக்குப் பின்னாலும் பிசுபிசுத்த செதிலும் சேர்ந்து வந்தால் அது வேறு வகை. பிள்ளைக்கு அவ்வளவாகச் சொறிவு இராது. பெரும்பாலும் சில மாதத்தில் தானாகப் போகும். கிளினிக்கில் ஒருக்கால் காட்டி உறுதிப்படுத்தினால் போதும்.

இரவில் சொறிவு, வீட்டில் மற்றவர்களும் சொறிகிறார்கள்

அரையில் மட்டுமல்லாமல் உள்ளங்கை, உள்ளங்கால், கக்கத்தில் பரு. தாய்க்கு விரலிடுக்கில் கடி. அண்ணாவும் இரவில் சொறிகிறான் என்றால் இது பம்பர்ஸ் விஷயமே இல்லை, சிரங்கு. தோலுக்குள் புகும் ஒரு சிறு பூச்சியால் வருவது. பிள்ளைக்கு மட்டும் மருந்து பூசிப் பலனில்லை. வீட்டில் உள்ள எல்லாரும், சொறிவு இல்லாதவரும்கூட, ஒரே நாளில் பூச வேண்டும். சின்னப் பிள்ளைக்கு எந்த மருந்து, எவ்வளவு என்பதை டொக்டர் சொல்வார்.

எல்லாம் செய்தேன், மாறவில்லை

முதலில் என்ன பூசினீர்கள் என்று ரியூப்பைத் திருப்பி வாசியுங்கள். பீட்டாமெத்தசோன், குளோபெட்டசோல் என்று இருந்தால் அவை கடுமையான ஸ்ரெரொயிட். பங்கசு மருந்தும் அன்டிபயோட்டிக்கும் ஸ்ரெரொயிட்டும் மூன்றையும் ஒன்றாகக் கலந்து வரும் ரியூப்கள் உண்டு. பூசி இரண்டு நாளில் சிவப்பு மங்கும், "நல்ல மருந்து" என்று பக்கத்து வீட்டுக்கும் பெயர் போகும். நிறுத்தியதும் முந்தியதைவிட மோசமாக வரும். பம்பர்ஸ் மூடிக் கட்டிய தோல் மருந்தைக் கூடுதலாக உள்ளே இழுக்கும், பிள்ளையின் தோலோ மெல்லியது. தோல் இன்னும் மெலிந்து, கோடு விழும், உடம்புக்குள்ளும் போகும். இலேசான ஹைட்ரோகோர்ட்டிசோனைச் சில நாளைக்கு டொக்டர் எழுதுவது வேறு விஷயம். பாமசியில் கேட்டு வாங்கி வாரக்கணக்கில் பூசுவது வேறு.

பரியாரியாரிடம் வாங்கிய எண்ணெய் என்றால் அதில் என்ன போட்டிருக்கிறது என்று கேளுங்கள். கற்பூரம் கலந்தது குழந்தைக்கு ஆகாது, புண்பட்ட தோல் வழியாக உள்ளே போனால் வலிப்புக்கூட வரலாம். வேப்பெண்ணெயைக் குழந்தையின் வாயில் விடுவது ஆபத்து. போரிக் பவுடரும் வேண்டாம், அது குழந்தைக்கு நஞ்சு. வெறும் தேங்காய் எண்ணெயில் கெடுதல் இல்லை, ஆனால் ஈரத்தை மறிக்கிற சக்தி அதற்கு வாசலின் அளவுக்கு இல்லை.

ரியூப்பில் பிழையில்லை, ஏணையும் சீலையும் திருத்தியாயிற்று, இன்னும் அப்படியே இருக்கிறது என்றால் அபூர்வமான காரணங்களைத் தேட வேண்டிவரும். வாயைச் சுற்றியும் விரல் நுனியிலும் இதே மாதிரிப் புண், அடிக்கடி வயிற்றோட்டம், முடி கொட்டல், நிறை ஏறாமை சேர்ந்து இருந்தால் உடம்பில் சிங்க் சத்துக் குறைபாடு இருக்கலாம். விளிம்பு தெளிவாக, மினுக்கமான சிவப்பாக மாதக்கணக்கில் நின்றால் சொரியாசிசு என்ற தோல் நோயாக இருக்கலாம். இவற்றை வீட்டில் தீர்மானிக்க முடியாது.

குடும்பநல உத்தியோகத்தர் வீட்டுக்கு வரும்போதோ, 2, 4, 6 மாத ஊசிக்குக் கிளினிக் போகும்போதோ பம்பர்ஸைக் கழற்றிக் காட்டுங்கள். பலர் ஊசி போட்டதும் பிள்ளையைச் சுற்றிக்கொண்டு வந்துவிடுவார்கள், கேட்டால்தானே பார்ப்பார்கள். அவர் அனுப்பினால் கிளிநொச்சியிலோ முல்லைத்தீவு மாஞ்சோலையிலோ உள்ள மாவட்டப் பொது வைத்தியசாலைக்குப் போகலாம், அரச ஆஸ்பத்திரியில் பார்ப்பதற்குக் காசில்லை. போகும்போது பிள்ளையின் வளர்ச்சிப் பதிவேட்டையும், இதுவரை பூசிய ரியூப் எல்லாவற்றையும், வெறுமையானதையும் சேர்த்து, ஒரு பைக்குள் போட்டுக் கொண்டுபோங்கள். "ஒரு வெள்ளை ரியூப், பச்சை மூடி" என்று சொன்னால் எந்த டொக்டருக்கும் விளங்காது. அன்று காலை கிறீமை அப்பிக்கொண்டு போகாமல், கழுவிக் காய்ந்த தோலோடு கொண்டுபோனால் பார்க்க இலேசு.